பெரியப்பாவின் மைனரும் மண்ணெண்ணெய்க் காலமும்

பெரியப்பாவின் மொரிஸ் மைனர் வீட்டுக்கு வரும்போது ஒரு விசயம் தவறாமல் நடக்கும். கோயில் முடக்கைத் தாண்டினதும் டாஷ்போட்டுக்குக் கீழே கையை விட்டு எதையோ திருப்புவார். கார் அதுக்குப் பிறகும் அரைக் கிலோமீற்றர் ஒழுங்காக ஓடும். படலைக்குள் நுழையும்போது இருமத் தொடங்கும். மாமரத்துக்குக் கீழே வந்ததும் தானாக நின்றுவிடும். சின்னனில் எங்களுக்கு அது பெரிய மாயவித்தை. "எப்பிடிப் பெரியப்பா கார் தானா நிக்குது?" எண்டு கேட்டால், "அதுக்கு வீடு தெரியும் மனே" என்பார்.

அவர் போன வருசம் தவறிவிட்டார். கார் மட்டும் மாமரத்துக்குக் கீழே நின்றது. வித்துவிடலாம் என்று வீட்டில் கதைத்தார்கள். விக்கிறதுக்கு முதல் ஒருக்கா ஓட்டிப் பாப்பம் என்று நானும் தம்பியும் பெற்றோல் ஊற்றி, பற்றறி மாற்றி, ஸ்ராட் பண்ணினோம். ஓடியது. ஆனால் பத்து நிமிசத்தில் மூக்கைப் பிய்க்கும் பெற்றோல் மணம். அடுத்த நாள் காலை பார்த்தால் காருக்குக் கீழே ஒரு தட்டளவு ஈரம்.

வவுணதீவில் ஒரு சின்னக் கராச் இருக்கிறது. நாலு தூண், தகரக் கூரை, வாசலில் இரண்டு உழவு மெசின், ஒரு பழைய கதிரை. பாஸுக்கு அறுபது தாண்டியிருக்கும். பொனற்றைத் தூக்கி ஒரு நிமிசம் சும்மா பார்த்தார். பிறகு டாஷ்போட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். எழும்பி, "இந்தக் கார் எங்க வாங்கின?" என்று கேட்டார். 2003இல், பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கினது என்றேன்.

"அதான்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த "அதான்" பற்றியது.

முதல் வேலை: ஈரம் எங்க எண்டு பார்

எங்கட தலைமுறையில் பலர் கார்பரேற்றரைக் கண்டிருக்கவே மாட்டோம். இப்போதைய வாகனங்களில் கணினி சொல்லும் அளவுக்குப் பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர்தான். பழைய கார்களில் அந்த வேலையைச் செய்தது கார்பரேற்றர். மின்சாரமும் இல்லை, கணக்கும் இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்றோட்டமே பெற்றோலை ஒரு மெல்லிய துவாரம் வழியாக மேலே இழுத்துத் தூவும். அந்தத் துவாரத்துக்குப் பெயர் ஜெற்.

அந்தத் துவாரத்தில் பெற்றோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதுக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் இருக்கும். உள்ளே ஒரு பித்தளை மிதவை. கிண்ணம் நிரம்ப மிதவை உயரும். உயர்ந்து ஒரு கவட்டைக் கம்பியைத் தள்ளும். அது ஒரு ஊசியை மேலே தள்ளி, பெற்றோல் வரும் வழியை அடைக்கும். மட்டம் இறங்கினால் ஊசி திரும்பத் திறக்கும். வீட்டு மேல்தண்ணித் தாங்கியில் இருக்கிற போல்வால்வு மாதிரித்தான். 1893இல் ஜேர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் தூவும் கார்பரேற்றரைச் செய்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். மைனரில் இருப்பது எஸ்.யூ. வகை. இங்கிலாந்தில் சப்பாத்து வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துப் பிள்ளைகள் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அவர்களின் முதல் கார்பரேற்றரில் காற்றுப்பை தோலில் செய்யப்பட்டிருந்ததாம். சப்பாத்துக்காரரின் கை எங்கே போகும்!

பாஸ் ஸ்பனரைத் தொடவே இல்லை. பழைய துணி ஒன்றை எடுத்து கார்பரேற்றர் முழுவதையும் காயத் துடைத்தார். "ஈரம் எல்லா இடமும் பரவித்தான் கிடக்கும். துடைச்சுப் போட்டு, முதல்ல எங்க நனையுது எண்டு பாக்கோணும். கடைசியா சொட்டுற இடத்தைப் பாத்து வேலை தொடங்கினா நாள் முழுக்க வேலைதான்."

பிறகு என்னிடம் திறப்பைப் போடச் சொன்னார். ஸ்ராட் பண்ண வேண்டாம், திறப்பை மட்டும். மைனரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும். டிக், டிக், டிக் என்று சத்தம் போடும். கிண்ணம் நிரம்பி ஊசி அடைத்ததும் பம்ப் நின்றுவிட வேண்டும். எங்கட பம்ப் நிற்கவில்லை. முப்பது, நாற்பது, ஐம்பது என்று டிக்கிக்கொண்டே இருந்தது. கிண்ணத்தின் மூடியிலிருந்து வருகிற மெல்லிய வழிவுக் குழாயால் பெற்றோல் வழிந்தது.

"பார், ஊசி அடைக்கல்ல."

ஊசி அடைக்காததுக்கு நாலு காரணம் இருக்கலாம் என்று விரல் மடித்தார். ஒன்று, ஊசிக்கும் இருக்கைக்கும் நடுவில் தூசு. இரண்டு, ஊசியின் நுனி தேய்ந்து வளையம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தெரியும். மூன்று, மிதவை ஓட்டையாகி உள்ளே பெற்றோல் போயிருக்கும். காதுக்குப் பக்கத்தில் ஆட்டினால் சலசலக்கும். சந்தேகமென்றால் சுடுதண்ணியில் அமுக்கிப் பார்க்கலாம், ஓட்டையிலிருந்து குமிழி வரும். (ஓட்டை மிதவைக்கு ஈயம் வைக்கிறதென்றால் உள்ளே ஒரு துளி பெற்றோலும் இருக்கக் கூடாது. ஈயமும் கனக்க வைக்கக் கூடாது. மிதவை பாரமானால் மட்டம் கூடிவிடும்.) நாலு, கவட்டைக் கம்பியின் வளைவு பிழை.

இதைவிட, இரவில் நின்ற இடத்தில் சொட்டுகிற கசிவு வேறு. பம்ப் நிற்கும்போதும் கிண்ணத்தில் இருப்பது சொட்டுகிறதென்றால், ஜெற்றின் அடியில் இருக்கிற தக்கை வளையம் காய்ந்து சுருங்கியிருக்கும். கனகாலம் ஓடாமல் கிடந்த கார்களில் இது சாதாரணம். எங்கட காரில் அதுவும் இருந்தது. புது வளையம் போட்டால் முடிந்தது.

ஊசியில் லேசான வளையம் இருந்தது. மிதவை நல்லது. பாஸ் மூடியைக் கவிழ்த்து வைத்து, ட்ரில் பிற் ஒன்றின் வாலைக் கவட்டைக்குக் கீழே செருகிப் பார்த்தார். சிரித்தார். கவட்டை வேணுமென்று வளைக்கப்பட்டிருந்தது. தேய்ந்து வளைந்ததல்ல. குறட்டால் பிடித்து, அளவு பார்த்து, ஒரு ஆள் வளைத்தது.

"இது மண்ணெண்ணைக்குச் செற் பண்ணின கார், தம்பி."

ஏன் மண்ணெண்ணெய்? ஏன் பழைய கார்?

1990 யூன் மாதம் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அதிலிருந்து புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு, யூரியா, வாகன உதிரிப்பாகங்கள் என்று பட்டியல் நீளம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட கதை, ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து விளக்கெரித்துப் படித்த கதை எல்லாம் அம்மா அப்பாமாரிடம் கேட்டிருப்பீர்கள். அந்த விளக்கே மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான். மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆனால் வெளிச்சத்துக்கும் அடுப்புக்கும் என்று கொஞ்சம் உள்ளே வந்தது. பெற்றோல் ஒரு போத்தல் கிடைப்பதே பெரும்பாடு. உள்ளே வந்த பொருட்களுக்குப் புலிகளின் வரியும் மேலதிகமாக இருந்தது.

அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளில் கிடந்த பழைய பிரித்தானியக் கார்கள் உயிர்த்தெழுந்தன. ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட். இவை எப்படி அவ்வளவு காலம் தப்பின? அதுக்கு இன்னொரு தட்டுப்பாடு காரணம். 1960களின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் செலாவணி குறைந்ததால் இலங்கை கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரைக்கும் ஏற்கனவே இருந்த கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அதனால் இங்கே ஒரு தலைமுறை மெக்கானிக்மார் ஒஸ்ரினையும் மொரிஸையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டப் பழகியிருந்தார்கள்.

இன்னொரு காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் 1953 வரை பிரித்தானியாவில் தரம் குறைந்த ஒரே வகைப் பெற்றோல்தான் கிடைத்தது. 1947இல் வந்த ஏ40 டெவனும் 1948இல் வந்த மைனரும் அந்தப் பெற்றோலுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. எரிபொருள் கலவையை அவை அதிகம் நெருக்குவதில்லை, ஏழில் ஒரு பங்களவுக்குத்தான் நெருக்கும். மண்ணெண்ணெய் தாங்குகிற நெருக்கம் குறைவு. அதிகம் நெருக்கினால் நேரத்துக்கு முதலே வெடித்து எஞ்சின் தட்டும். புதிய எஞ்சின்களுக்கு அது விஷம். பழைய ஏ40 முனகிக்கொண்டு சமாளிக்கும். ஒரு போர்க்காலத் தட்டுப்பாட்டுக்குப் பிறந்த எஞ்சின், நாற்பது வருசத்துக்குப் பிறகு இன்னொரு போர்க்காலத் தட்டுப்பாட்டில் உதவியது.

ஆனால் மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ண முடியாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது. ஆவியானால்தான் தீப்பொறி பற்றும். அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலைச் சில துளி கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முதல் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் மிஞ்சாமல் பார்க்க வேண்டும்; மிஞ்சினால் அடுத்த முறை குளிரில் எஞ்சின் பிடிக்காது.

இப்போது பெரியப்பாவின் மாயவித்தை விளங்குதா? டாஷ்போட்டுக்குக் கீழே இருந்தது ஒரு பித்தளை வால்வு. மூன்று வாய் உள்ள வால்வு. ஒரு வாய் கார்பரேற்றருக்கு, ஒன்று பெற்றோலுக்கு, மூன்றாவது வாய் போல்ற் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. அதில்தான் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்க் குழாய் பூட்டியிருந்திருக்கும். காரை விற்றவர் "நிப்பாட்ட முந்தி வால்வைத் திருப்புங்கோ" என்று பெரியப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். பெரியப்பாவும் இருபது வருசமாகத் திருப்பினார். ஏன் என்று அவர் அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பழக்கம் கிண்ணத்தை வெறுமையாக்கினதால், இரவில் சொட்டுகிற கசிவு யார் கண்ணிலும் படவில்லை.

கவட்டை ஏன் வளைந்தது?

மண்ணெண்ணெய் பெற்றோலைவிடக் கனமானது. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 740 கிராம். மண்ணெண்ணெய் 800 கிராம். கனமான திரவத்தில் மிதவை மேலாக மிதக்கும். அதனால் ஊசி வேளைக்கே அடைத்துவிடும், கிண்ணத்தில் மட்டம் குறைந்துவிடும். அதோடு மண்ணெண்ணெய் கொஞ்சம் தடிப்பு, ஜெற் வழியாக மெதுவாகத்தான் வரும். இரண்டும் சேர்ந்தால் எஞ்சினுக்குப் பட்டினி. எனவே மெக்கானிக் கவட்டையைச் சற்று வளைத்து மட்டத்தைக் கூட்டினார். ஜெற்றை ஒரு சுற்று கீழிறக்கி வழியைப் பெரிதாக்கினார்.

பிறகு 2002 வந்தது. ஜனவரியில் தடை பெருமளவு தளர்ந்தது. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது. இப்போது அதே கிண்ணத்தில் பாரம் குறைந்த திரவம். மிதவை கூட ஆழமாக அமிழும். ஊசி பிந்தி அடைக்கும். மட்டம் ஏற்கனவே கூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. விளைவு: வழிவு. மண்ணெண்ணெய்க்குச் சரியாக இருந்த வளைவு பெற்றோலுக்குப் பிழையாகிவிட்டது. யாரும் அதைத் திருப்பி வளைக்கவில்லை.

எனக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பொருளாதாரத் தடை பற்றி நான் வாசித்திருக்கிறேன். திகதிகள், வர்த்தமானிகள், அறிக்கைகள். ஆனால் அந்தத் தடை ஒரு பித்தளைக் கம்பியில் சில மில்லிமீற்றர் வளைவாக எங்கட வளவில் மாமரத்துக்குக் கீழே இருபது வருசம் நின்றதை நான் அறியவில்லை.

இதிலே புதுமையான பொறியியல் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1940களில் பிரித்தானிய உழவு இயந்திரங்கள் பல இதே முறையில்தான் ஓடின. பெற்றோலில் ஸ்ராட், சூடேறினதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்று. 1949இலிருந்து அதற்கென்றே ஒரு பேர்குசன் மாதிரி வந்தது. ஆனால் அங்கே தொழிற்சாலை அதுக்கேற்ற எஞ்சினைச் செய்து கொடுத்தது. எண்ணெய் நிறுவனங்கள் அதுக்கேற்ற கலவையைச் செய்து கொடுத்தன. உழவருக்கு அது காசு மிச்சம் பிடிக்கிற ஒரு தெரிவு. யாழ்ப்பாணத்தில் கராச்சில் நின்ற ஒருவர் குறட்டோடும் குப்பி விளக்கோடும் அதையே தனியாகச் செய்தார். அவருக்குத் தெரிவு இருக்கவில்லை.

இந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம்

இது யாழ்ப்பாணத்துக் கதை மட்டும்தானா என்று பாஸிடம் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வலையிறவுப் பாலம் இருக்கிற பக்கம் காட்டினார்.

மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. போர்க்காலத்தில் அந்த அழகான பெயர்களுக்கு வேறு அர்த்தம் வந்தது. எழுவான்கரை பெரும்பாலும் இராணுவத்தின் கையில். படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். இரண்டுக்கும் நடுவில் போய்வரும் வாசல்களில் ஒன்று வவுணதீவு. இங்கே முகாமும் சோதனைச் சாவடியும் இருந்தன. 1997 மார்ச்சில் இந்த முகாம் மீது புலிகள் பெரிய தாக்குதல் நடத்தினார்கள். 2007இல் இராணுவம் படுவான்கரையைக் கைப்பற்றும்வரை இந்த எல்லை இருந்தது.

உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கத்து உழவர்கள் பசளைக்கும் எண்ணெய்க்கும் பட்டணத்துக்குத்தான் வரவேண்டும். திரும்பும்போது சாக்கை அவிழ்த்துக் காட்ட வேண்டும். எது எவ்வளவு போகலாம் என்பது காலத்துக்குக் காலம், சில வேளை நாளுக்கு நாள் மாறும். கார் வைத்திருந்தவர்கள் இங்கே குறைவு. சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு மெசின், தோணி. ஆனால் மண்ணெண்ணெயின் கணக்கு ஒன்றுதான். "ஒரு போத்தல் எண்ணெய் கையில இருந்தா மூண்டு வேலை கேக்கும், மனே. விளக்குக் கேக்கும், அடுப்புக் கேக்கும், எஞ்சின் கேக்கும். எதுக்கு ஊத்துற எண்டு யோசிச்சு யோசிச்சே அந்தக் காலம் போச்சு" என்றார் பாஸ்.

கெட்டித்தனம் என்கிற கதை

இதை வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு பெருமை வந்திருக்கும். எனக்கும் வந்தது. "பாத்தீங்களா, எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டினாங்க!" வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் வாயிலும் இந்தக் கதை இப்படித்தான் வரும். சிரிப்போடு, பெருமையோடு.

நானும் பாஸிடம் அப்படித்தான் சொன்னேன். "என்ன கெட்டித்தனம் பாஸ்!" என்று. அவர் சிரிக்கவில்லை. "கெட்டித்தனமா? எத்தனை எஞ்சினைச் சாகக் கொடுத்தம் தெரியுமா?"

பிறகு விளங்கப்படுத்தினார். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் பெயாரிங்கைக் காக்காது. புது ஒயிலும் இல்லை, புது பெயாரிங்கும் இல்லை; இரண்டும் தடை. பிளக் கரிபிடிக்கும். வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும். அந்தப் புகைக்குள் பின்சீற்றில் இருந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் இல்லாத காலத்தில் வாடகைக் காரைக் காசு கொடுத்துப் பிடிப்பது நோயாளியும் பிள்ளைத்தாச்சியும்தான்.

கியூபாவையும் இந்த இடத்தில் நினைக்கலாம். 1960களில் அமெரிக்கா போட்ட தடைக்குப் பிறகு அங்கே 1950களின் பெரிய அமெரிக்கக் கார்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிகள் அதில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். வண்ணமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காரை வைத்திருக்கிறவருக்கு அது கலைப்பொருள் அல்ல, மாற்று இல்லாததால் வைத்திருக்கிற பொருள். தட்டுப்பாட்டை வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது அழகாகத் தெரியும். காலம் கடந்த பிறகு பார்க்கிற எங்களுக்கும் அப்படித்தான்.

எங்கட நாட்டிலேயே இதைவிடக் கசப்பான ஒரு முரண் உண்டு. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், தெற்கில் இலங்கைப் பங்காளியோடு சேர்ந்து மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்யத் தொடங்கினார். இலங்கைக் கைகள் செய்த பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அதே நாட்டின் வடக்கிலும் படுவான்கரையிலும் வாகன உதிரிப்பாகம் தடைசெய்யப்பட்ட பொருள்.

கெட்டித்தனம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கவட்டையை அளவாக வளைத்த அந்த முகம் தெரியாத மெக்கானிக்கின் கைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நாங்கள் கதையைப் "பாத்தீங்களா எங்கட மூளையை" என்று முடித்தால், தடை போட்டவர் சுகமாகத் தப்பிவிடுகிறார். தடை என்பது ஒரு புதிர் போலவும் நாங்கள் அதை வென்ற பிள்ளைகள் போலவும் ஆகிவிடுகிறது. அது புதிர் அல்ல, இலட்சக்கணக்கான சாதாரண சனத்தின் மீது விழுந்த கூட்டுத் தண்டனை. அதை அவர்கள் தாண்டினார்கள் என்பதாலே அது தண்டனை இல்லை என்றாகிவிடாது.

பிறகு 2022

இது முடிந்துபோன காலம் என்று நினைத்தால், 2022ஐ நினையுங்கள். அது எங்களுக்கே நினைவிருக்கிற வருசம். பெற்றோல் வரிசையில் இரவு படுத்தோம். யூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது. கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று தொலைபேசி சொன்னது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வெளியிணைப்பு எஞ்சின் பூட்டின வள்ளங்கள் கரையில் இழுத்துப் போடப்பட்டுக் கிடந்தன. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பழசைத் திருத்துகிற ஆளுக்கு மதிப்பும் கூடியது.

அந்த வரிசைகளில் வித்தியாசம் ஒன்று இருந்தது. இந்த முறை கொழும்பும் வரிசையில் நின்றது. அதைப் பார்த்து "இப்ப விளங்குதா?" என்று சிலர் முகநூலில் எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மற்றவன் வரிசையில் நிற்பது எங்கட வரிசையின் கணக்கைத் தீர்க்காது. ஆனால் நாடு முழுக்க ஒரு அனுபவத்தைத் தொட்ட நேரத்தில், எங்கட 12 வருச அனுபவத்தைச் சரியாகச் சொல்ல எங்களிடம் எழுத்தில் என்ன இருந்தது என்று யோசித்தேன். கொஞ்சம் நாவல், கொஞ்சம் கவிதை, நிறைய வீட்டுக் கதை. கராச்சின் அறிவு எங்கேயும் எழுதப்படவில்லை. எந்தக் காருக்கு ஜெற்றை எத்தனை சுற்று இறக்க வேண்டும், ஒயிலை எத்தனை நாளுக்கு ஒருக்கா வடிக்க வேண்டும், எந்த எஞ்சின் தாங்கும், எது தாங்காது. இதெல்லாம் அறுபது, எழுபது வயசு தாண்டின சில கைகளில் மட்டும் இருக்கிறது. கார்பரேற்றரே இல்லாத காலத்தில் அந்தக் கைகளிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

திருப்பி வளைத்தது

பாஸ் புது ஊசியும் இருக்கையும் போட்டார். தக்கை வளையம் மாற்றினார். கடைசியாகக் கவட்டையைக் குறட்டால் பிடித்து, ட்ரில் பிற்றின் வால் சரியாக நுழையும்வரை திருப்பி வளைத்தார். அரை நிமிசம்கூடப் பிடிக்கவில்லை. ஜெற்றை ஒரு சுற்று மேலேற்றினார். பிறகு திறப்பைப் போடச் சொன்னார்.

டிக், டிக், டிக், டிக். பம்ப் நின்றது.

வழிவுக் குழாய்க்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"இந்த வால்வையும் கழட்டி விடவா? இனித் தேவையில்லதானே" என்று கேட்டார். நான் யோசித்தேன். இணைப்பு கூடினால் கசிகிற இடமும் கூடும். மெக்கானிக் கண்ணால் பார்த்தால் கழற்றுவதுதான் சரி. கழற்றச் சொன்னேன். ஆனால் அந்த மூன்று வாய் வால்வை ஒரு கடதாசியில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேசையில் இருக்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால், அடைத்திருந்த அந்த மூன்றாவது வாயில் மண்ணெண்ணெய் மணக்கிற மாதிரி இருக்கும். மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

காரை விற்பதா இல்லையா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அதுக்கிடையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டிலும் ஏன் என்று தெரியாமல் யாரோ செய்கிற ஒரு பழக்கம் இருக்கும். நெருப்புக்குச்சியைப் பாதியாகக் கிழிக்கிற அம்மம்மா, வெறும் போத்தலை எறியாமல் அடுக்கி வைக்கிற மாமா, வெளிச்சம் இருக்கும்போதே சமையலை முடிக்கிற பெரியம்மா. சிரித்துவிட்டுப் போகாமல் ஒருக்கா ஏன் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். பெரியப்பாவிடம் நான் அதைக் கேட்டிருக்கலாம். "அதுக்கு வீடு தெரியும் மனே" என்றதும் நம்பிவிட்டேன்.